எடை சரியாக இருக்கிறது

ஜனவரி 9

அன்புள்ள குண்டா,

வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட்டேன். ஆஸ்பத்திரியில் அந்தக் கண்ணாடி அறையில் இருந்தவரை வாயெல்லாம் புண், எச்சில் விழுங்கவே ஒரு ஆள் துணை வேண்டியிருந்தது. இப்போது புண் ஆறிவிட்டது. ஆனாலும் போனில் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. நடுக்கடலில் உனக்கும் சிக்னல் கிடைக்காது. அதனால் கடிதம்தான். கப்பல் மெயிலுக்கு அனுப்பினால் இரண்டாம் அதிகாரி அச்சடித்துக் கொடுப்பார், நீ எழுதுவதைப் படமெடுத்து அனுப்புவார் என்றாயே, அவருக்குத் தமிழ் தெரியாது என்பது நமக்கு எவ்வளவு வசதி.

முதலில் ஒரு விஷயம். நேற்று ரத்தம் எடுத்த நர்ஸ் சீட்டைப் பார்த்துவிட்டு, "உங்க குரூப் மாறிட்டிருக்கு, தெரியுமா?" என்று சாதாரணமாகக் கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாற்பத்தாறு வருஷமாக நான் பி. இனிமேல் ஓ. உன் குரூப். டாக்டர் முன்பே சொல்லியிருந்தாராம், எனக்குத்தான் காதில் ஏறவில்லை. புற்று வந்த என் ரத்தத்தை மருந்து கொடுத்துத் துடைத்துவிட்டு உன் ஸ்டெம் செல்லை ஏற்றினார்கள் என்று தெரியும். அதற்காக இப்படி ஒரேயடியாக வீட்டை எழுதி வாங்கிக்கொள்வாய் என்று யார் கண்டது? என் அலுவலக அடையாள அட்டையில் பி என்றுதான் அச்சடித்திருக்கிறது. எடையளவு இன்ஸ்பெக்டராக ஊரெல்லாம் போய்த் தராசைப் பிடித்து, எடைக்கல்லைச் சோதித்து, தப்பு என்று சிவப்புச் சீட்டு ஒட்டுகிறவள் நான். என் அட்டையே தப்பாகிவிட்டது.

உன் மாமா முதல் ஷிப்ட் பஸ் ஓட்டப் போய்விட்டார். வீடு அமைதியாக இருக்கிறது. எனக்கு எதிலும் ருசி தெரியவில்லை. எதைச் சாப்பிட்டாலும் சாவிக்கொத்தை வாயில் போட்டதுபோல் இருக்கிறது. நீ ஒழுங்காகச் சாப்பிடு என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தபோது ஆம்லெட்டுக்கு முட்டை உடைத்துக்கொண்டிருந்தேன். குரூப் மாறிய இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. அப்புறம் எதை உடைத்தேன், எதைக் கொட்டினேன் என்று நினைவில்லை. கேப்டன் ஆம்லெட்டில் முட்டை ஓட்டைக் கடித்துவிட்டு ஆளனுப்பினார். "எங்க அக்கா ரத்தம் என் ரத்தமாயிடுச்சு சார்" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் சொன்னேன். என்ன புரிந்ததோ, எழுந்து கை கொடுத்தார்.

ஸ்டெம் செல் எடுத்த அன்றைக்கு ஐந்து மணி நேரம் ஒரு கையில் குழாய் போய், இன்னொரு கையில் குழாய் வந்து, நான் செய்ததெல்லாம் படுத்துக்கொண்டு கூரையைப் பார்த்ததுதான். அது உனக்குள் போய் இவ்வளவு வேலை பார்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

ஒரு கேள்வி. கப்பலில் இந்தச் சுற்று ஒப்பந்தம் ஏப்ரலில் முடிகிறது. அடுத்த சுற்றுக்கும் கையெழுத்துப் போடச் சொல்கிறார்கள். நீ "நல்லா இருக்கேன்" என்றால் நம்ப மாட்டேன், அப்பா செத்த அன்றைக்கும் அதைத்தான் சொன்னாய். எடையைச் சொல். எடை விஷயத்தில் நீ பொய் சொல்ல மாட்டாய். குறையாமல் இருந்தால் போடுகிறேன். குறைந்தால் இறங்கி வந்து நானே சமைத்துப் போடுகிறேன். இது வாக்கு.

ஒரு போட்டோவும் அனுப்பு.

உன் தம்பி
குண்டு


பிப்ரவரி 4

அன்புள்ள குண்டா,

போட்டோ இத்துடன் இருக்கிறது. அலறாதே, அது நான்தான்.

கண்ணாடியில் பார்த்தபோது நானே ஒரு நிமிடம் ஆடிப்போனேன். தலையில் முடி இல்லை, புருவம் இல்லை, ஆனால் கன்னம் மட்டும் இரண்டு பக்கமும் உப்பிக்கொண்டு, அசல் நீ. ஆறாம் வகுப்பில் குரூப் போட்டோவில் முதல் வரிசையில் நின்றாயே, அதே முகம். உன் மாமா பார்த்துவிட்டு, "தம்பி செல்லு வேலையைக் காட்டுது. குண்டன் ரத்தம்ல" என்கிறார். பக்கத்து வீட்டுக்காரி, எதிர் வீட்டு டைப்பிஸ்ட், பார்க்கிறவர்கள் எல்லாரும் "முகம் தெளிஞ்சிடுச்சு, பூசினாப்ல இருக்கீங்க" என்கிறார்கள். ஒல்லிக்குச்சி என்று என்னைக் கூப்பிட்டவன் நீ. பழி தீர்ந்தது.

எடை கேட்டாய். ஐம்பத்து நாலு. நோய் வருவதற்கு முன் எவ்வளவோ அதே. ஒரு கிராம் கூடக் கடன் இல்லை. குளியலறைத் தராசைச் சும்மா நம்புவேனா? என் பெட்டியில் இருக்கும் சோதனைக் கல்லை வைத்துப் பார்த்தேன். சரியாகக் காட்டுகிறது. அஞ்சு கிலோ கல்லைத் தூக்க மட்டும் உன் மாமாவைக் கூப்பிட வேண்டியிருந்தது. லீவில் இருந்து கை சோம்பேறி ஆகிவிட்டது.

ஆஸ்பத்திரியில் ஒரு டயட்டீஷியன் பெண் இருக்கிறாள், சின்ன வயசு. போகும்போதெல்லாம் பிடித்துக்கொள்கிறாள். "முட்டை சாப்பிடறீங்களா? பருப்பு? மீன்? கோழி?" எனக்கு முட்டை வாடை பட்டாலே ஓங்கரிக்கிறது. பிஸ்கட்டும் சர்க்கரை போட்ட டீயும் இறங்குகிறது, அதைத்தான் சாப்பிடுகிறேன். "எடை ஒண்ணும் குறையலையேம்மா" என்றேன். "எடை வேற மேடம், உடம்பு வேற" என்கிறாள். நோய் வந்த புதிதில் ஒரு தடவை ஏற்றிய மெஷினில் மறுபடி ஏறி நில்லுங்கள், எது தசை, எது கொழுப்பு, எது தண்ணீர் என்று பிரித்துக் காட்டும் என்கிறாள். இருபத்திரண்டு வருஷம் எடை பார்த்தவளிடம் எடை வேறு என்கிறாள். அடுத்த தடவை, அடுத்த தடவை என்று தள்ளிக்கொண்டு வருகிறேன்.

வயிற்றில் கொஞ்சம் கோளாறு இருந்தது. மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். அடங்கிவிட்டது. நீ கையெழுத்துப் போடு.

உன் அக்கா


பிப்ரவரி 12

அன்புள்ள அக்காவுக்கு,

போட்டோவை எஞ்சின் ரூம் ஆட்கள் வரைக்கும் காட்டிவிட்டேன். "உன் அண்ணனா?" என்று கேட்டான் ஒருத்தன். அவனுக்கு அன்றைக்கு ரொட்டி ஒன்று குறைவு.

அக்கா, நிஜமாகச் சொல்கிறேன், அந்தக் கன்னத்தைப் பார்த்துவிட்டு ஸ்டோர் ரூமில் போய் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து அழுதேன். நான் கப்பலேறும்போது நீ எலும்பும் தோலுமாக இருந்தாய். என் உடம்பிலிருந்து ஒன்று உனக்குப் போய்ச் சதை வைத்திருக்கிறது என்றால் இத்தனை வருஷம் நான் தின்றதெல்லாம் வீண் இல்லை.

அந்தப் பெண் சொல்வதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. நீ எடை சரி என்றால் சரி. கையெழுத்துப் போட்டுவிட்டேன். அடுத்த சுற்று எட்டு மாதம்.

உன் தம்பி
குண்டு


மார்ச் 2

அன்புள்ள குண்டா,

இதை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை உன் மாமா வேலைக்குப் போன பிறகு கழிப்பறைக்குப் போனேன். முடித்துவிட்டு எழுந்தேன். எழுந்தேன் என்று நினைத்தேன். உடம்பு அங்கேயே இருந்தது. எழு என்று காலுக்குச் சொல்கிறேன், அடுத்த வீட்டுக்காரரிடம் சொன்னதுபோல் அது பாட்டுக்குக் கிடக்கிறது. வலி இல்லை, மரத்துப்போகவும் இல்லை. விரலை ஆட்டினால் ஆடுகிறது. எழ மட்டும் முடியவில்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு ஒரு இழு இழுத்தேன், கை நழுவித் தரையில் உட்கார்ந்துவிட்டேன். போன் கூடத்தில் சார்ஜில் இருந்தது. அது இரண்டு முறை அடித்து ஓய்ந்ததையும் கேட்டேன். மத்தியானம் ஷிப்ட் முடிந்து உன் மாமா வரும்வரை அந்த ஈரத் தரையில்தான் இருந்தேன்.

அவர் கைகொடுத்துத் தூக்கும்போது, "முன்ன மாதிரியே கனம் இருக்கியே. அப்புறம் ஏன் எழுந்திருக்க முடியல?" என்றார். அவர் சும்மா கேட்டார். எனக்குச் சுரீர் என்றது.

மறுநாள் அந்தப் பெண்ணிடம் போனேன். அந்த மெஷினில் வெறுங்காலோடு ஏறி இரண்டு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். நமக்குத் தெரியாத அளவுக்கு ஒரு மின்சாரம் உடம்பில் ஓடி வருமாம். தசையில் ஒரு மாதிரி ஓடும், கொழுப்பில் வேறு மாதிரி ஓடும், அதை வைத்துக் கணக்கிடுமாம். சீட்டு வந்தது. எடை ஐம்பத்து நாலு. அதற்குக் கீழே, நோய் வந்த புதிதில் எடுத்த அளவையும் இன்றைய அளவையும் அவள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள். தசை ஏழு கிலோ காணவில்லை. அந்த இடத்தில் கொழுப்பும் நீரும் ஏறி உட்கார்ந்திருக்கின்றன.

நான் நம்பவில்லை. "இந்த மெஷினை எப்போ சோதிச்சாங்க? முத்திரை எங்கே?" என்று கேட்டேன். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. என் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்தி எடுத்தாள். பிசைந்த மாவில் பதிந்ததுபோல் குழி அப்படியே நின்றது. பிறகு ஒரு நாற்காலியைப் போட்டு, "கையைக் கட்டிக்கிட்டு ஒரே ஒரு தடவை எழுந்திருங்க மேடம்" என்றாள். மூன்று தடவை முயன்றேன். நாற்காலிக்கு முத்திரை கேட்க முடியாது, குண்டா.

பஞ்சு மண்டியில் நனைத்த மூட்டையை நிறுத்துப் பார்த்து, எடை சரி என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவோம். உள்ளே பஞ்சு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்பது எங்கள் இலாகா இல்லை. என் உடம்பையும் நான் அப்படித்தான் பாஸ் பண்ணியிருக்கிறேன். கன்னம் உப்பியது சதை இல்லையாம், வயிற்றுக் கோளாறுக்குக் கொடுத்த அந்த ஸ்டீராய்டு மாத்திரையாம். கால் தசையைத் தின்றதும் அதே மாத்திரை. பிஸ்கட்டும் டீயும் தின்று நானும் அதற்கு உதவியிருக்கிறேன். "இப்படியே விட்டா அடுத்து ஒரு சளிக்காய்ச்சல் வந்தாக்கூட உடம்பு தாங்காது" என்று டாக்டர் முகத்துக்கு நேரே சொன்னார். பக்கத்தில் உன் மாமா கையில் இருந்த பஸ் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பயமாக இருக்கிறது. இதை உன்னைத் தவிர யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன் அக்கா


மார்ச் 9

அக்கா,

இன்று துறைமுகத்தில் கட்டினோம். கரை இறங்கியதும் சரக்குக் கொட்டகைப் பக்கத்தில் நின்று ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு அந்த டயட்டீஷியனைக் கேட்டு வாங்கினேன். என்ன சமைத்தால் தசை வரும் என்று கேட்கத்தான் போட்டேன். பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "சரிம்மா, அந்த மாத்திரையை நிறுத்திட்டா என்ன?" என்றேன்.

"அதை நிறுத்த முடியாது சார். டோனர் செல்லு அவங்க குடலை வேற்றாளா நினைச்சுத் தாக்குது, அதை அடக்கத்தான் கொடுக்கறோம். நீங்கதானே டோனர்? உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்" என்றாள்.

வண்டிப் பாதையில் நிற்கிறேன் என்பதே தெரியவில்லை. பளு தூக்கி வண்டிக்காரன் ஹாரன் அடித்து விரட்டினான்.

இருபத்திரண்டு பேருக்கு மூன்று வேளை சமைக்கிறேன். என் கையால் சாப்பிட்டு ஒருத்தனுக்கும் வயிறு கெட்டதில்லை. என் அக்காவின் குடலை நான் உள்ளே இருந்து தின்றுகொண்டிருக்கிறேன். இங்கே நான் வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். எந்தக் கன்னத்தைப் பார்த்து அழுதேனோ அதுவும் என்னால் வந்த வீக்கம்.

உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே குண்டன் ரத்தம் என்று வேடிக்கை எழுதியிருக்கிறாய். ஏன் அக்கா?

கையெழுத்துப் போட்டது நல்லதாகப் போயிற்று. எனக்கு அங்கே வர முகம் இல்லை.

தம்பி


மார்ச் 11

டேய் குண்டா,

ஆமாம், தெரியும். சொல்லவில்லை. சொன்னால் நீ இப்படித்தான் எழுதுவாய் என்று தெரியும், அதனால்தான் சொல்லவில்லை. நடுக்கடலில் நின்றுகொண்டு நீ என்ன செய்திருப்பாய்? இன்னும் இரண்டு கேப்டனுக்கு ஓடு போட்டு ஆம்லெட் கொடுத்திருப்பாய்.

நான் டாக்டரிடம் நேரடியாகக் கேட்டேன். "சார், இது என்ன, காப்பாத்த வந்தவன் என்னையே அடிக்கறான்?" என்றேன். அவர் சொன்னார், "சண்டை போடத் தெரிஞ்ச செல்லுதான்மா மிச்சம் மீதி இருக்கிற புற்றையும் தேடி அடிக்கும். ரொம்ப ஆடாம பிடிச்சு வெச்சுக்கணும், அவ்வளவுதான்." எனக்கு அப்போது என்ன ஞாபகம் வந்தது தெரியுமா? பள்ளிக்கூட வாசலில் என் குடையைப் பிடுங்கியவனை அடிக்க நீ சாப்பாட்டு டப்பாவைச் சுழற்றினாயே. அவனுக்கு ஒன்று விழுந்தது, திரும்பி வந்த வீச்சில் எனக்கும் ஒன்று விழுந்தது. அந்தத் தழும்பு இத்தனை வருஷம் புருவ முடிக்குள் ஒளிந்திருந்தது. இப்போது புருவம் கொட்டிவிட்டதால் பளிச்சென்று தெரிகிறது. அன்றைக்கு உன்மேல் நான் கோபப்பட்டேனா? குடை திரும்பி வந்ததா இல்லையா?

உன் செல் உள்ளே வராவிட்டால் இந்தக் கடிதத்தை எழுத ஆளே இல்லை. இதை ஒரு தடவைதான் எழுதுவேன்.

முகம் இல்லையாம். உன் முகத்தைத்தான் நான் இங்கே மாட்டிக்கொண்டு திரிகிறேன்.

அக்கா


மார்ச் 25

அன்புள்ள குண்டா,

பதில் இல்லை. இரண்டாம் அதிகாரியிடம் அச்சு மை தீர்ந்துவிட்டதா?

நீ எழுதாவிட்டாலும் நான் எழுதுகிறேன். முட்டை சாப்பிடுகிறேன். மூக்கைப் பிடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, நன்றாக வெந்த முட்டை. உன் மாமா எதிரில் உட்கார்ந்து நான் விழுங்கும்போதெல்லாம் தானும் விழுங்குகிறார், பார்த்தால் சிரிப்பு வருகிறது. டயட்டீஷியன் பெண் சொன்னபடி நான் குடிக்கிற எல்லாவற்றிலும் புரதப் பொடியைக் கலக்கிறார். மீனை வேகவைத்து முள் எடுத்து மசித்துக் கொடுக்கிறார். பஸ் ஓட்டுகிற கை, ருசி என்று ஒன்றும் இல்லை. மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து வருகிறார்கள். வயிறு பொறுத்துக்கொள்கிறது.

கூடத்து நாற்காலியில் இரண்டு தலையணை போட்டு உயரமாக்கினால் கையைக் கட்டிக்கொண்டு எழுந்துவிடுகிறேன். ஒரு தலையணை என்றால் பாதியில் நின்று திரும்ப உட்கார்ந்துவிடுகிறேன். ஒவ்வொரு முறையும் தொடை வெடவெடவென்று நடுங்குகிறது. கல்லைத் தூக்கிக்கொண்டு சந்தை முழுக்க நடந்த காலா இது என்று தினமும் புதிதாக அதிர்ச்சி ஆகிறது. பழகவே இல்லை.

குளியலறைத் தராசில் சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டேன். "அது சரியாத்தானே காட்டுது, பாவம்" என்றார் உன் மாமா. எனக்குத் தெரியும். ஆனாலும் அதைப் பார்த்தால் எரிச்சலாக வருகிறது.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். நேற்று ஆஸ்பத்திரித் தராசில் நிறுத்தார்கள். ஐம்பத்தொன்றரை. கால் வீக்கம் வடிகிறது, நல்ல அடையாளம் என்கிறாள் அந்தப் பெண். அதெல்லாம் அவளுக்கும் எனக்கும். உனக்கும் எனக்கும் இருக்கும் பேச்சு வேறு. குறைந்தால் இறங்கி வந்து சமைத்துப் போடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாய், கடிதம் என் பெட்டியில் இருக்கிறது.

குறைந்துவிட்டது. இறங்கி வா.

உன் அக்கா


ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதாததற்குக் காரணம் சொல்லத் தெரியவில்லை. பேனாவை எடுத்தால் என் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்துவிடுவேன்.

உன் கடைசிக் கடிதத்தைக் கேப்டனிடம் கொண்டுபோய், எடை குறைந்துவிட்டது, நான் போக வேண்டும் என்றேன். எட்டு மாதக் கையெழுத்தைக் காட்டினார். போட்டோவைக் காட்டினேன். இரண்டு நாள் யோசித்துவிட்டு, அடுத்த துறைமுகத்தில் வேறு ஒரு சமையல்காரனை ஏற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார். நாளை இறங்குகிறேன். வியாழக்கிழமை காலை வீட்டுக்கு வந்துவிடுவேன்.

ஏழு கிலோ என்று நீ எழுதியிருந்தாய். நேற்று ஸ்டோரில் ஏழு கிலோ இறைச்சியை நிறுத்துத் தட்டில் வைத்துப் பார்த்தேன். அதைச் சமைக்க முடியவில்லை, உதவியாளனைச் சமைக்கச் சொல்லிவிட்டு வெளியே போய் நின்றேன்.

உன்னைப் பார்க்கப் பயமாக இருக்கிறது, அக்கா. மாமா ஷிப்டில் இருப்பார் என்று தெரியும். என்னிடம் வீட்டுச் சாவி இருக்கிறது. நானே திறந்துகொண்டு வருகிறேன். நீ எழுந்திருக்காதே.

உன் தம்பி
குண்டு


ஏப்ரல் 7

அன்புள்ள குண்டா,

நீ இறங்குவதற்குள் இது உன் கைக்கு வர வேண்டும் என்று உடனே எழுதுகிறேன்.

வந்ததும் கை கால் கழுவு, மாஸ்க் போட்டுக்கொள், தும்மல் இருந்தால் சொல்லிவிடு. வெளியில் வாங்கிய எதையும் கொண்டு வராதே. முட்டை வீட்டில் இருக்கிறது. வாடை வராமல் சமைக்க ஏதாவது வழி இருந்தால் யோசித்துக்கொண்டு வா.

சாவியைப் பையிலேயே வை. மணியை ஒரு தடவை அடி, அப்புறம் கையைக் கட்டிக்கொண்டு நில். நாற்காலியைக் கதவுக்கு நேராகப் போட்டிருக்கிறேன். இன்று காலை ஒரே தலையணையில் எழுந்தேன். வியாழக்கிழமைக்குள் அதையும் எடுத்துவிடலாம் என்று பார்க்கிறேன். நாற்காலி கிறீச்சிடுவது உனக்குக் கேட்கும். அது கேட்ட பிறகும் நேரமாகும். கூப்பிடாதே, கதவைத் தட்டாதே, "வேண்டாம்க்கா" என்று வெளியிலிருந்து அழாதே. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டில் இப்படித்தான் என்று சொல்.

நான் வந்து திறப்பேன். விழுகிற சத்தம் கேட்டால் மட்டும் சாவியைப் போடு.

உன் அக்கா